மந்திரியின் பின்கால்கள்

கழுதையை இரண்டாக வெட்டுவது என்று நிர்வாகக் குழு ஒரு செவ்வாய்க்கிழமை முடிவெடுத்தது. மறுநாள் காலை ஒத்திகை அறையில் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து அதை நல்ல செய்தியாக அறிவித்தார்கள்.

கழுதையின் பெயர் மந்திரி. சிறுவர் ஒளிபரப்பு நிலையத்தில் வாரத்தில் ஐந்து நாள், காலை பத்து மணிக்கு நேரலையாக வரும் அரை மணி நேர நிகழ்ச்சிக்கு அதுதான் கதாநாயகன். சாம்பல் நிறத் துணி, பஞ்சு, மூங்கில் வளையங்கள் எல்லாம் சேர்ந்த ஒரே உடுப்பு. உள்ளே இரண்டு பேர். முன்னால் இருப்பவர் தலையையும் காதுகளையும் முன்கால்களையும் பார்த்துக்கொள்வார். பின்னால் இருப்பவர் இடுப்பை மடித்துக் குனிந்து, முன்னவரின் பெல்ட்டை ஒரு கையால் பற்றிக்கொண்டு, மறு கையால் வாலை ஆட்டியபடி பின்கால்களாக நடப்பார். குரல் கொடுக்க ஓர் அம்மாள். கதை எழுத ஒருவர். பத்தொன்பது வருடமாக நான்கு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டி, கோபித்துக்கொண்டு எழுந்துபோய், தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்து நிகழ்ச்சியைச் செய்துகொண்டிருந்தார்கள்.

நல்ல காட்சி எதையும் யாரும் யோசித்து எழுதியதில்லை. ஒருநாள் ஒத்திகையில் முன்கால்காரர் இடதுபக்கம் திரும்ப, பின்கால்காரர் சொன்னது காதில் விழாமல் வலதுபக்கம் திரும்ப, கழுதை நடுவில் முறுக்கிக்கொண்டு விழுந்தது. குரல் அம்மாள் சிரித்துக்கொண்டே, தலை பள்ளிக்கூடம் போகிறது, வால் வரமாட்டேன் என்கிறது என்று சொல்லிவைத்தார். அதுவே நான்கு வருடத்துக்குக் கதையாக ஓடியது. பெற்றோர் கடிதம் எழுதினார்கள், தங்கள் வீட்டுப் பிள்ளைகளும் காலையில் அப்படித்தான் முறுக்கிக்கொள்கின்றன என்று.

அப்படிப்பட்ட இடத்தில்தான் நிலையத்தின் இயக்குநர் வந்து நின்று, இனி எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றார். திட்டத்தின் பெயர் 'தொலைவே நெருக்கம்'.

"ஒரு கழுதை ஒரே இடத்துல இருக்கணும்ங்கிறது பழைய காலத்து எண்ணம்," என்றார். "நாம பிரியப்போறதில்லை. தூரத்துல இருந்துக்கிட்டே இன்னும் நெருங்கப்போறோம்."

உடுப்பு தைக்கும் பெண் கத்தரிக்கோலோடு காத்திருந்தாள். எந்த இடத்தில் வெட்டவேண்டும் என்று கேட்டாள். எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம், ஒற்றுமைக்கு எல்லை இல்லை என்றார் இயக்குநர். அவள் வயிற்றுக்கு நடுவில் வெட்டினாள். பஞ்சு கொட்டியது. எல்லோரும் கைதட்டவேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்ததால் கைதட்டினார்கள்.

ஒத்திகை அறை காலியாக இருக்கப்போவதில்லை என்பதும் அன்றே தெரிந்தது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களை ஒருங்கிணைக்க இணைப்புப் பிரிவு என்று புதிதாக ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். பதினொரு அதிகாரிகள். அவர்களுக்கு இடம் வேண்டும். அந்தப் பதினொரு பேரும் ஏன் அவரவர் வீட்டிலிருந்து ஒருங்கிணைக்கக்கூடாது என்று கதை எழுதுபவர் கேட்டார். இயக்குநர் கோபப்படவில்லை. பரிதாபமாகப் பார்த்தார்.

"அது ரொம்ப நுணுக்கமான வேலை," என்றார். "முகத்தை முகம் பாத்தாத்தான் நடக்கும்."

பின்கால்காரருக்கு ஐம்பத்திரண்டு வயது. அதிகம் பேசமாட்டார், பத்தொன்பது வருடம் இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் குனிந்து நின்றவருக்குப் பேச என்ன இருக்கிறது. வீடு இரண்டே அறை. உள் அறையில் அவரும் மனைவியும். முன் அறையில் மாமனாரின் கட்டில். மாமனார் ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் இயக்கியவர். நாற்பது வருடம் ஏறி இறங்கிவிட்டு, நுரையீரல் கெட்டுப்போய், தரைத்தளத்தில் படுத்துவிட்டார். கட்டிலுக்கு எதிரே டிவி. தினமும் காலை பத்து மணிக்கு மருமகனைப் பார்ப்பார். தலைக்கு ஆயிரம் ரசிகர்கள் இருந்தார்கள். வாலுக்கு இருந்தது அவர் ஒருவர்தான். இன்றைக்கு வால் கொஞ்சம் சோம்பல், மாப்பிள்ளை என்பார் சாயங்காலம். இன்றைக்கு உதை பிரமாதம் என்பார். அந்த வீட்டில் அவர் சொல்வதுதான் விமர்சனம். பின்கால்காரர் அதை மனதில் வைத்துக்கொண்டு மறுநாள் ஆடுவார்.

கழுதையின் பின்பாதி ஒரு அட்டைப்பெட்டியில் வீட்டுக்கு வந்தது. கூடவே பச்சைத் திரை, கேமரா, கம்ப்யூட்டர், பிறகு நீளமாக ஒரு மரச்சட்டம். சட்டத்தின் உச்சியில் ஒரு பெல்ட் மாட்டியிருந்தது. கொண்டுவந்தவர் நீட்டிய தாளில் 'மாற்று இடுப்பு, ஒன்று' என்று இருந்தது. பின்கால்காரர் கையெழுத்துப் போட்டு இடுப்பை வாங்கிக்கொண்டார்.

நான்காம் நாள் வீட்டுச் சூழலை மதிப்பிட ஓர் அதிகாரி வந்தார். வீட்டிலிருந்து வேலை செய்பவர் வீட்டில்தான் இருக்கிறாரா என்று பார்க்க அவர் மூன்று பேருந்து மாறி வந்திருந்தார். செருப்பைக் கழற்றாமல் டேப்பை விரித்து முன் அறையை அளந்தார். பன்னிரண்டு அடி தேவை. கட்டில் போக ஏழு அடிதான் இருந்தது. படிவத்தில் தடைப்பொருட்கள் என்று ஒரு பகுதி. மரச்சாமான், வளர்ப்புப் பிராணி, மற்றவை என்று மூன்று கட்டம். அதிகாரி கட்டிலைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், மாமனாரை மற்றவையில் எழுதினார். எழுதும்போது மாமனார் இருமினார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்து இருமலின் நேரத்தையும் குறித்துக்கொண்டார்.

பிறகு தன்மையாகவே சொன்னார். படைப்புச் சூழலுக்கு ஒவ்வாத ஒலி இருக்கிறது. ஏழு நாளில் சரிசெய்யவேண்டும். முடியாவிட்டால் பொருத்தமான வீடு உள்ள வேறொருவருக்குப் பின்கால்கள் போகும். திறமை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பயிற்சி கொடுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு அடியைப் பயிற்சியால் கொண்டுவர முடியாதில்லையா.

அன்று சாயங்காலம் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மாமனாரே எடுத்தார்.

"நான் சின்னவன் வீட்டுக்குப் போறேன் மாப்பிள்ளை. டிவியை மட்டும் குடுத்துவிடுங்க. அங்க இருக்கிறது ரிப்பேரு."

சின்னவன் என்பது மனைவியின் தம்பி. ஊரின் மறுகோடியில் இருந்தான். மனைவி அப்பாவின் துணிகளை மடித்தாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்பவள். மடிப்பதில் அவள் கைக்கு யோசனை தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை கட்டிலும் டிவியும் கிழவரும் ஒரே வண்டியில் போனார்கள். முன் அறையில் பன்னிரண்டு அடி கிடைத்தது.

முதல் நேரலை அன்று முன்கால்காரர் தன் வீட்டில் ஓர் அடி எடுத்து வைத்தார். ஒன்றரை வினாடி கழித்துப் பின்கால்காரர் தன் வீட்டில் ஓர் அடி எடுத்து வைத்தார். நிலையத்தில் இரண்டு படத்தையும் ஒட்டியவர்கள் மந்திரி இழுத்த ரப்பர்போல் நீண்டதாகச் சொன்னார்கள். இணைப்புப் பிரிவு கூடி ஆராய்ந்தது. தாமதத்துக்குக் காரணம் இணையவசதி அல்ல, மனப்பான்மை என்று முடிவானது. முன்கால் எப்போது நடக்கப்போகிறது என்பதைப் பின்கால் முன்கூட்டியே உணரவேண்டும். அதுதான் குழு உணர்வு. எப்படி உணர்வது என்று பின்கால்காரர் கேட்டார். அதை உணர்ந்துதான் தெரிந்துகொள்ளவேண்டும் என்றார்கள்.

அவருடைய திரையில் அவர் மட்டுமே தெரிந்தார். மூலையில் ஒரு பச்சைப் புள்ளி. அவர் கேமராவின் சட்டகத்துக்குள் இருக்கும்வரை பச்சை, விலகினால் சிவப்பு. முழுப் படத்தைப் பார்ப்பது கவனத்தைச் சிதறடிக்கும் என்று தடைசெய்திருந்தார்கள். பார்க்க டிவியும் இல்லை. அவர் புள்ளியைப் பார்த்துக்கொண்டே ஆடினார். ஒரு மாதத்தில் ஒருமுறைகூட அது சிவப்பாகவில்லை.

மேசையில் உட்கார்ந்து பேசுவது நின்றுபோனதால் யோசனைகள் வறண்டுவிட்டன என்று குரல் அம்மாள் ஒருநாள் முறையிட்டார். நிர்வாகம் உடனே கவனித்தது. தினமும் பதினொன்று பத்து முதல் பதினொன்று பதினேழு வரை தற்செயல் நேரம் என்று அறிவித்தது. அந்த ஏழு நிமிடத்தில் நால்வரும் திரையில் தற்செயலாகச் சந்தித்துக்கொள்ளவேண்டும். தற்செயலாக என்ன தோன்றப்போகிறது என்பதை முதல்நாள் மாலை நாலு மணிக்குள் எழுதி அனுமதி வாங்கவேண்டும். கதை எழுதுபவர், நாளை எனக்குத் தற்செயலாக வயிற்றுவலி வரும் என்று எழுதி அனுப்பினார். அனுமதி வந்தது. மறுநாள் வயிற்றுவலி வராததால் விளக்கம் கேட்டார்கள். ஒத்துக்கொண்டதைச் செய்யாதவர் என்று அவரை அந்த வாரமே அனுப்பிவிட்டு, கதையைப் பதினொரு அதிகாரிகளும் முறைவைத்து எழுதத் தொடங்கினார்கள்.

சிரிப்புக்கும் விதி வந்தது. கூட்டத்துக்கு இரண்டு முறையாவது சிரிக்கவேண்டும். ஆனால் எதிரொலி வருவதால் சிரிக்கும்போது ஒலியை அணைத்துவிடவேண்டும். நான்கு பேராக இருந்து மூன்று பேராகிப்போனவர்கள் ஏழு நிமிடத்தில் இரண்டு தடவை வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். குரல் அம்மாளின் கண் மட்டும் சிரிக்கவில்லை என்று ஒரு குறிப்பு வந்தது.

பின்கால்காரர் ஞாயிறுதோறும் சின்னவன் வீட்டுக்குப் போய்வந்தார். மாமனார் மெலிந்துகொண்டே போனார். பழையபடி வாலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஆட்டம் எப்படி மாமா என்று இவரே கேட்டால், நல்லா இருக்கு மாப்பிள்ளை, உடம்பைப் பாத்துக்குங்க என்பார். இவ்வளவு சுருக்கமாக அவர் பாராட்டியதில்லை. நோயாளிக்கு மூச்சு போதவில்லை என்று பின்கால்காரர் நினைத்துக்கொண்டார்.

ஏழாவது மாதம், ஒரு வியாழக்கிழமை, நிகழ்ச்சி தொடங்கி எட்டு நிமிடம் ஆகியிருந்தது. அவர் குனிந்து நின்று மாற்று இடுப்பைப் பற்றியிருந்தார். துணிக்கு வெளியே சமையலறையில் மனைவியின் போன் அடித்தது. எப்போ என்று அவள் கேட்டது மட்டும் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் விழவில்லை.

அவர் வாலை ஆட்டுவதை நிறுத்தாமல் ஒலிவாங்கியில் சொன்னார், வீட்டில் ஒரு சாவு, போகவேண்டும் என்று. இணைப்புப் பிரிவில் ஒரு பெண் குரல் மிகவும் வருத்தப்பட்டது. இறந்தவர் என்ன உறவு என்று கேட்டது. மாமனார் என்றார். பட்டியலைப் பார்த்துவிட்டு, மாமனார் இரண்டாம் வட்டம் என்றது. முதல் வட்டத்துக்குத்தான் நேரலையின் நடுவில் போக அனுமதி. இரண்டாம் வட்டத்துக்கு நிகழ்ச்சி முடிந்தபின்.

"இன்னும் இருபத்திரண்டு நிமிஷம்தானே சார்," என்றது. "அவரு எங்கயும் போயிடப்போறதில்ல. நீங்க விலகினா புள்ளி சிவப்பாயிடும். ஏழு மாசமா பச்சையா வச்சிருக்கீங்க."

துணியின் கிழிசல் வழியாக மனைவியின் பாதங்கள் தெரிந்தன. பை ஒன்றை மாட்டிக்கொண்டு வாசல்படியில் நின்றாள். அவர் வெளியே வருவார் என்று நின்றாள். சட்டகத்துக்குள் காலை வைக்கக்கூடாது என்று அவளுக்கும் சொல்லியிருந்தார்கள். அதனால் கிட்டே வரவில்லை. அவர் ஒரு காலைத் தூக்கினார். எந்தப் பக்கம் வைப்பது என்று ஒரு கணம் தெரியவில்லை. பிறகு எடுத்த இடத்திலேயே வைத்தார். பாதங்கள் திரும்பிப் போயின. மீதி நேரம் முழுவதும் அவர் நன்றாகவே ஆடினார். மாமனாருக்குப் பிடித்த அந்த உதையையும் உதைத்தார்.

பின்கால்காரர் சின்னவன் வீட்டை அடைந்தபோது உடலைச் சுற்றி உறவினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி அவரைப் பார்க்கவில்லை. சின்னவனின் மனைவி அவரைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். நல்ல பெண், ஏழு மாதம் முகம் சுளிக்காமல் கிழவரைப் பார்த்துக்கொண்டவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலையில் நடந்ததைச் சொன்னாள்.

"பத்து மணிக்கு டிவியைப் போடச் சொன்னாரு அண்ணே. தினமும் அப்படித்தான், உங்களைத் தேடுவாரு. கழுதை ஒரு குட்டிச்சுவருக்குப் பின்னாடியே நிக்குது, தலை மட்டும்தான் தெரியுது, மாப்பிள்ளை எங்கம்மான்னு கேப்பாரு. சுவருக்குப் பின்னாடி இருப்பாரு மாமான்னு சொல்லுவேன். இன்னிக்கும் கேட்டாரு. நான் சொல்றதுக்குள்ள..."

அவர் தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டுத்தான் கேட்டார், எத்தனை நாளாகச் சுவர் என்று. அவளுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. டிவி வந்த இரண்டாவது வாரத்திலிருந்தே சுவர்தான் என்றாள். உங்களுக்குத் தெரியாதா என்று கேட்க வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பார்கள். இந்தக் கழுதைக்குக் கெட்டுப்போகக்கூட நேரம் கொடுக்கவில்லை. சுவரைக் கையோடு கட்டிவைத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் முன்கால்காரர் போனில் துக்கம் விசாரித்தார். பின்கால்காரர் சுவரைப் பற்றிக் கேட்டார்.

"தெரியும்," என்றார் முன்கால்காரர். "ரெண்டு படமும் ஒட்டலை, சுவர் வச்சுட்டாங்க. சொன்னா உன் வேலை போயிடும்னாங்க. சொல்லாட்டி என் வேலை இருக்கும்னாங்க. ரெண்டும் ஒத்துப்போச்சு."

நான்காம் நாள் அவர் நிலையத்துக்கு நேரில் போனார். நேரில் வருவதற்கான படிவம் வீட்டிலிருந்து மட்டுமே நிரப்பக்கூடியது என்பதால் வாசலில் இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். பிறகு இயக்குநரே இரக்கப்பட்டு உள்ளே அழைத்தார். பழைய ஒத்திகை அறையைத் தாண்டித்தான் போகவேண்டும். உள்ளே பதினொரு அதிகாரிகள் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் பெரிய திரை. அதில் ஆளில்லாத அவர் வீட்டு முன் அறையும், மாற்று இடுப்பும், சிவப்பாக ஒரு புள்ளியும்.

இயக்குநர் எதையும் மறைக்கவில்லை. மறைக்கவேண்டியதாக அவருக்கு எதுவும் தோன்றவில்லை.

"உங்களை நாங்க நீக்கலை. படத்தைத்தான் நீக்கினோம். கொள்கை அளவுல நீங்க இல்லாம மந்திரி நிக்கவே முடியாது. யோசிச்சுப் பாருங்க, முன்கால் பதினாலு தடவை சிவப்பாயிருக்கு. குரல் ஒம்பது தடவை. நூத்துக்கு நூறு பச்சை நீங்க ஒருத்தர்தான். அந்தக் கணக்கை வச்சுத்தான் திட்டம் வெற்றின்னு மேல எழுதினோம். உங்க புள்ளியைப் பாத்துத்தான் பதினொரு குடும்பம் பிழைக்குது. நீங்க திரையில வந்தீங்களா இல்லையாங்கிறது ரொம்பச் சின்ன விஷயம்."

பின்கால்காரர் பேருந்தில் வரும்போது நிறைய யோசித்து வைத்திருந்தார். கட்டிலைப் பற்றி, இருபத்திரண்டு நிமிடத்தைப் பற்றி, வாசலில் நின்ற பாதங்களைப் பற்றி. வாயில் வந்தது ஒன்றுதான்.

"எங்க மாமனார் டிவியில என்னைத் தேடிக்கிட்டே போயிட்டாரு சார்."

இயக்குநர் உண்மையாகவே நெகிழ்ந்தார். பேனாவை எடுத்து, கடைசி மூச்சுவரை ரசிகர் ஈடுபாடு என்று குறித்துக்கொண்டார். ஆண்டறிக்கையில் சேர்க்கலாமா, பெயர் போடமாட்டோம் என்று கேட்டார். பிறகு மேசையைச் சுற்றி வந்து தோளில் கைவைத்து, அவருக்குப் பதவி உயர்வு என்றார். செய்திப் பிரிவிலும் வானிலைப் பிரிவிலும் இசைப் பிரிவிலும் இனி திட்டம் விரிவாகிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் நூற்றுக்கு நூறு பச்சை தேவை. அதற்கு ஆட்களைப் பழக்க ஒருவர் வேண்டும். அனுபவசாலி, வெளியே தெரிவதற்கு ஆசைப்படாதவர்.

பின்கால்காரர் யோசிக்க ஒருநாள் கேட்கலாம் என்று நினைத்தார். ஐம்பத்திரண்டு வயதில், நிமிர்த்தினால் வலிக்கும் முதுகை வைத்துக்கொண்டு, எந்தக் கம்பெனி வாசலில் போய் நின்று நான் ஒரு கழுதையின் பின்பாதி என்று சொல்வது என்றும் நினைத்தார். கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தம்பி வீட்டிலிருந்து அன்றுதான் திரும்பியிருந்தாள். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு முதல்முறையாக அவரிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"அன்னிக்கு நீங்க ஆடினது டிவியில வந்துச்சாங்க?"

"வந்துச்சு," என்றார்.

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். மூன்று நாள் சின்னவன் மனைவியோடு ஒரே சமையலறையில் இருந்தவள் அவள் என்பது, தெருமுனையில் அவள் திரும்பி மறைந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

அடுத்த திங்கட்கிழமை காலை அவர் பச்சைத் திரைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார். எதிரே திரையில் பதினான்கு கட்டங்கள். பதினான்கு வீடுகள், பதினான்கு மரச்சட்டங்கள், கழுத்துப்பட்டை கட்டிய செய்தி வாசிப்பாளர்கள், வீணை மீட்டத் தெரிந்த ஒரு பெண், வானிலை ஆராய்ந்த ஒரு முதியவர். எல்லோருடைய முன் அறையும் சுத்தமாகக் காலியாக இருந்தது. ஒரு அறையில் தொட்டில் கட்டிய கொக்கி மட்டும் மேலே தொங்கியது. இணைப்புப் பிரிவு ஒலிவாங்கியைத் திறந்துவிட்டது.

அவர் குனியச் சொன்னார். குனிந்தார்கள். பெல்ட்டைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தார்கள். பதினான்கு புள்ளிகளும் பச்சையாயின.

கொக்கி தொங்கிய அறையிலிருந்து ஒருவர், குனிந்தபடியே, பணிவாகக் கேட்டார்.

"சார், நாங்க பண்றது எங்க வரும்? வீட்டுல கேக்கறாங்க."

"எல்லார் வீட்டுலயும் வரும்," என்றார் பின்கால்காரர். "இன்னும் கொஞ்சம் குனிங்க."